கொண்டுசேர்த்த இடம்

அந்த மனிதருக்குப் பொய் சொல்ல வராது. அதுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். பெண்டாட்டி படுத்த படுக்கையாகிவிட்டாள். இன்னும் ஒரு மாதம், மிஞ்சினால் ஒன்றரை மாதம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் ஒருநாள், "நான் போற இடத்துக்கு நீங்களும் வருவீங்களா?" என்று கேட்டிருக்கிறாள். வேறு எந்தப் புருஷனாக இருந்தாலும் "வராம எங்க போகப்போறேன்" என்று சொல்லிவிட்டு மாத்திரையைக் கையில் கொடுத்திருப்பான். இவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "விசாரிச்சுச் சொல்றேன்" என்றாராம்.

அவர் எங்கள் நகராட்சியின் அமரர் ஊர்தி டிரைவர். செத்தவர்களைச் சுடுகாட்டுக்கோ இடுகாட்டுக்கோ கொண்டுபோகிற வண்டி. ஆபீசில் அவருக்குப் பெயர் நிதானம். வண்டி முப்பதைத் தாண்டியதே இல்லை. "ஏறினவங்களுக்கு என்ன அவசரம்?" என்பார். நான் அதே ஆபீசில் போன் எடுக்கிறவள், ரிஜிஸ்டர் எழுதுகிறவள். சாமி, பேய் இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி எப்போதோ பரணில் போட்டவள். நாளுக்கு நாலு சாவு பதிகிற எனக்கு மேலே என்ன நடக்கிறது என்று கேட்கக்கூட நேரமில்லை என்று பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன்.

ஒவ்வொரு ட்ரிப்புக்கும் ஒரு துண்டுச் சீட்டு உண்டு. இறந்தவர் பெயர், வயது, ஏற்றிய இடம் ஆகியவற்றை நான் எழுதிக் கொடுப்பேன். கடைசி இரண்டு கட்டத்தை, அதாவது கொண்டுசேர்த்த இடத்தையும் கொண்டுசேர்த்த நேரத்தையும், டிரைவர் நிரப்பித் தர வேண்டும். சாயங்காலம் எல்லாச் சீட்டையும் ரிஜிஸ்டரில் ஏற்றுவேன். பத்தொன்பது வருஷப் பழக்கம். கை எழுதும், மனசு வீட்டுக்குப் போகிற பஸ்ஸைப் பிடித்து இடமும் போட்டு உட்கார்ந்திருக்கும்.

அப்படித்தான் மாட்டிக்கொண்டேன். மாதாந்திரச் சோதனைக்கு வந்த சுகாதார ஆய்வாளர் ரிஜிஸ்டரில் விரலை வைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நாலாம் தேதி, ரெண்டாவது ட்ரிப். கொண்டுசேர்த்த இடம்: கீழே ஆறு ஓடுற தோட்டம். இது எந்த வார்டும்மா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"குடும்பத்தோட இருக்கலாம், நம்பினவங்களுக்கு மட்டும்னு வேற போட்டிருக்கு. தனியார் மயானமா? லைசென்ஸ் இருக்கா?"

குனிந்து பார்த்தேன். என் கையெழுத்துதான். குண்டு குண்டாக, அழகாக. அதற்கு அடுத்த வரி: "கதவே சாத்தாத ஊர். விளக்கு தேவையில்லை. பேர் புத்தகத்தில் இருக்கணும்." அதற்கும் அடுத்தது: "விடுதி மாதிரி. புண்ணியம் தீர்ந்தால் காலி பண்ணணும்." மூன்று வாரம். அறுபத்துமூன்று ட்ரிப். ஒன்றைக்கூடப் படிக்காமல் காப்பி அடித்திருக்கிறேன்.

ஆய்வாளர் எனக்கொரு மெமோ, டிரைவருக்கொரு மெமோ கொடுத்துவிட்டுப் போனார். நான் நேராக ஷெட்டுக்குப் போனேன். நிதானம் வண்டியின் பின்கதவைத் திறந்து வைத்துத் தண்ணீர் அடித்துக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, என் வேலைக்கு உலை வைக்கணும்னே இருக்கீங்களா?"

குழாயை மூடினார். ஈரக்கையை பேன்ட்டில் துடைத்துக்கொண்டார். "வேற பேப்பர் இல்ல மேடம். மறந்துடக் கூடாதேன்னு அதுலயே குறிச்சுக்கிட்டேன். நீங்க கண்டுக்காம எழுதிடுவீங்கன்னு நினைக்கல."

அப்புறம்தான் சொன்னார். எங்கள் வண்டியில் ஒரு வழக்கம். செத்தவருக்கு யார் ரொம்ப நெருக்கமோ அவர்தான் டிரைவர் பக்கத்தில் முன் சீட்டில் உட்காருவார். யாரும் சொல்லி வைத்ததில்லை. கூட்டமே ஒதுங்கி அந்த ஒருத்தருக்கு வழி விடும். பத்தொன்பது வருஷமாக அந்தச் சீட்டில் அழுதவர்கள், உளறியவர்கள், தூங்கிப்போனவர்கள் எல்லோரையும் பார்த்தவர், ஒருவரிடமும் தானாக வாய் திறந்ததில்லை. இப்போது கேட்க ஆரம்பித்திருக்கிறார். "தப்பா நினைக்காதீங்க. உங்க அப்பா இப்ப எங்க போறாருன்னு நீங்க நம்புறீங்க? அங்க வேற நம்பிக்கைக்காரங்களைச் சேர்ப்பாங்களா?"

"அடிக்காம விட்டாங்களே!"

"ஒருத்தர் அடிச்சார்" என்றார் சாதாரணமாக. "மத்தவங்க எல்லாம் சொன்னாங்க மேடம். கேட்க ஆள் இல்லாம இருந்த மாதிரி சொன்னாங்க."

அவரும் பெண்டாட்டியும் இருபத்தேழு வருஷத்துக்கு முன் வீட்டை எதிர்த்துக் கட்டிக்கொண்டவர்கள். அவள் வீட்டார் புதைக்கிறவர்கள், இவர் வீட்டார் எரிக்கிறவர்கள். அவர் அவளை மாறச் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. ஒரே அறையில் கிழக்குச் சுவர் அவருக்கு, மேற்குச் சுவர் அவளுக்கு, நடுவில் துணி அலமாரி. சண்டை வந்தாலும் அடுத்தவர் சுவரைப் பற்றி ஒரு வார்த்தை வந்ததில்லையாம். ஆனால் அவள் வீட்டைவிட்டுக் கிளம்பிய அன்று அவளுடைய அம்மா வாசலில் நின்று ஒன்று சொல்லியிருக்கிறாள். "இங்க நாலு நாள் சேர்ந்திருப்பீங்க. அங்க உனக்கு ஒரு கதவு, அவனுக்கு ஒரு கதவு. அப்ப தெரியும்." அந்தம்மா செத்துப் பதினைந்து வருஷம் ஆகிறது. வார்த்தை சாகவில்லை. உடம்பு நன்றாக இருந்த வரைக்கும் அதைச் சொல்லிச் சிரித்தவள், மூச்சு முட்ட ஆரம்பித்ததும் சிரிப்பதை நிறுத்திவிட்டாள்.

"அண்ணே, ஒரே இடம்தான்னு சொல்லிட்டுப் போங்களேன். ஒரு பொய்யில என்ன குறைஞ்சிடப் போகுது?"

"முன் சீட்டுல உக்கார்றவங்க கேப்பாங்க மேடம். 'கடைசியில வலிச்சிருக்குமா?'ன்னு. எனக்குத் தெரியாதுன்னுதான் சொல்லுவேன். ஊராருக்கே பொய் சொன்னதில்ல. அவகிட்ட போயா ஆரம்பிக்கிறது?"

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. இப்படி ஒரு நேர்மையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஆனால் திரும்பி வரும்போது கணக்குப் போட்டுப் பார்த்தேன். பெண்டாட்டிக்கு நாள் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள், அவர் அறுபத்துமூன்று பேரிடம் வழி கேட்டிருக்கிறார், ஒரு பதிலும் ஒத்துவரவில்லை.

அதற்குப் பிறகு எனக்கும் தொற்றிக்கொண்டது. போனில் வண்டி கேட்கிறவர்களிடம் முகவரியை எழுதிக்கொண்டு, மெதுவாகப் பேச்சை இழுப்பேன். ஒரு பெண் தன் அண்ணன் எங்கேயும் போகவில்லை, வீட்டு முற்றத்திலேயேதான் இருப்பான், தினம் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்தால் போதும் என்றாள். மொட்டைத் தலையோடு நேரிலேயே வந்த துறவி ஒருவர், எண்ணெய் தீர்ந்த விளக்கைப் பார்த்து எந்தத் திசைக்குப் போச்சு என்று கேட்பீர்களா என்று என்னையே திருப்பிக் கேட்டார். பேர் புத்தகத்தில் இருக்க வேண்டும் என்று அடித்துச் சொன்ன பெரியவரிடம், "அங்கயும் ரிஜிஸ்டரா? அதை எழுதுறவங்களாவது படிச்சுப் பார்த்து எழுதுவாங்களா?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. இதையெல்லாம் சாயங்காலம் நிதானத்திடம் ஒப்பிப்பேன். அவர் வீட்டுக்குக் கொண்டுபோவார்.

எதுவும் அவளுக்குப் பிடிபடவில்லை. உப்பு தண்ணீரில் கரைகிற மாதிரி எல்லாரும் ஒன்றில் கரைந்துவிடுவோம் என்று ஒருவர் சொன்னதை இவர் ஆசையாகக் கொண்டுபோய்ச் சொல்லியிருக்கிறார். அவள், "கரைஞ்சப்புறம் பக்கத்துல இருக்கறது நீங்கதான்னு எனக்குத் தெரியுமா?" என்றாளாம். தெரியாது என்று ஒப்புக்கொண்டாராம். ஒரு லேடி டாக்டர், ஒன்றுமே கிடையாது, எல்லாம் இங்கேயே முடிந்தது என்று சொன்ன நாளில் மட்டும் அவர் முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. "ஒண்ணுமே இல்லன்னா ரெண்டு பேருக்கும் அதே ஒண்ணுமில்லாததுதானே மேடம்?" என்றார். ஒருநாள்தான் அந்தத் தெளிவு நின்றது.

ஒரு வியாழக்கிழமை மதியம் அவர் ட்ரிப்பில் இருந்தபோது அவளைப் பார்க்கப் போனேன். அக்கம்பக்கத்தில் காஜாக்கா என்றால்தான் தெரியும். ஆயத்த ஆடைக் கம்பெனியில் இருபது வருஷம் காஜா போட்டவள், அதாவது சட்டைக்குப் பொத்தான் துளை அடிக்கிற மெஷினில் உட்கார்ந்தவள். பஞ்சுத் தூசி நெஞ்சுக்குள் போய் நுரையீரல் காய்ந்துவிட்டது. மூக்கில் குழாய், கட்டிலுக்குக் கீழே குர்ரென்று சத்தம் போடும் ஆக்சிஜன் மெஷின். கட்டிலை நடு அறையில், இரண்டு சுவருக்கும் சமதூரத்தில் போட்டிருந்தார்கள். அலமாரியை வெளியே எடுத்துவிட்டார்கள்.

"வாங்க. நீங்கதானே அந்தத் தோட்டத்தை ரிஜிஸ்டர்ல ஏத்தினவங்க?" என்று சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க ஐந்து நிமிஷம் ஆனது.

நான் கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு ஆறுதல் சொல்ல வராது. "ஏம்மா அந்த மனுஷனை இப்படி அலைய விடறே?" என்றுதான் வந்தது.

"எனக்குச் சாவுக்குப் பயம் இல்லக்கா." ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சை எட்டிப் பிடித்தாள். "எங்க அம்மா சொல்லிக் குடுத்த தோட்டம் இருக்குன்னு சின்ன வயசுலேர்ந்து நம்புறேன். இப்பவும் நம்புறேன். அதுதான் கஷ்டம். அங்க போய் வாசலைப் பார்த்துக்கிட்டே நிப்பேன். வர்றவங்க எல்லாரும் வருவாங்க. இந்த ஆள் மட்டும் வரவே மாட்டார். எத்தனை காலம் நிப்பேன்? அங்கதான் சாவே கிடையாதே."

நழுவியிருந்த மூக்குக் குழாயைச் சரிசெய்தேன்.

அவளே மறுபடி பேசினாள். "எங்க இடுகாட்டுல கேட்டார். 'அந்தம்மா வரலாம், நீங்க முடியாது'ன்னுட்டாங்க. இவரோட ஆளுங்க சுடுகாட்டுல கேட்டார். 'அவங்க வேற ஆளுங்களாச்சே'ன்னாங்க. மேல இருக்கட்டும், ஆறடி மண்ணுலயே ரெண்டு கதவுக்கா." பிறகு என் கைப்பையைப் பார்த்தாள். "அந்தச் சீட்டு வெச்சிருக்கீங்களா? ஒண்ணு குடுங்க."

கொடுத்திருக்கக் கூடாது. கொடுத்தேன். தலையணையை முட்டுக்கொடுத்து அவளை உட்காரவைத்தேன். பெயர், வயது, ஏற்றிய இடம் மூன்றையும் பொறுமையாக எழுதினாள். கொண்டுசேர்த்த இடத்துக்கு வந்ததும் பேனாவை நிறுத்தி மேற்குச் சுவரை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு எழுதினாள்: மின்மயானம்.

"உங்க ஆளுங்க நெருப்பு கூடாதுன்னு சொல்லுவாங்களேம்மா?"

"ஆமா. நெருப்புல போனா தோட்டம் இல்லன்னுதான் அம்மா சொல்லுவாங்க."

"அப்புறம்?"

"மின்மயானத்துல யாரையும் எந்த ஆளுன்னு கேக்க மாட்டாங்கன்னு இவர் சொல்லியிருக்கார். இவரையும் ஒருநாள் அங்கதானே கொண்டுபோவாங்க." சீட்டை மடித்து என் கையில் திணித்தாள். "அங்க ஒரு கதவுதானேக்கா இருக்கு? நான் போனப்புறம் அவர்கிட்ட குடுங்க. இப்பவே குடுத்தா விட மாட்டார்."

சீட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்தேன். அங்கே நின்று அழுதேன். இல்லாத ஊருக்கு எதற்கடி இந்தப் பாடு என்று அவளைத் திட்டிக்கொண்டே அழுதேன்.

பன்னிரண்டாம் நாள், செவ்வாய்க்கிழமை, இரண்டரை மணிக்குப் போன் அடித்தது.

"வண்டி வேணும் மேடம்" என்றது குரல்.

"யாருக்கு? பேர், வயசு சொல்லுங்க" என்றேன். வாய் தன் போக்கில் கேட்டுவிட்டது. பிறகு அவர், நிதானமாக, எல்லாரையும் போலவே, பெயரைச் சொன்னார். "ஐம்பத்தொண்ணு" என்றார். அந்த நாக்கை நான் என்ன செய்வது?

வண்டி கொண்டுபோன இன்னொரு டிரைவரோடு நானும் போனேன்; தானே ஓட்டுகிறேன் என்றான் அவன். இவர் விடவில்லை. தூக்கிப் பின்னால் வைத்ததும் வழக்கம்போலக் கூட்டம் ஒதுங்கியது. நாலைந்து பேர்தான் கூட்டம். முன் சீட்டு காலியாகவே இருந்தது. அதில் உட்கார வேண்டியவர் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். நான் ஏறினேன்.

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து என்னிடம் கொடுத்தார். அவளுடைய ஆட்களின் இடுகாட்டு அனுமதிக் கடிதம். முத்திரை குத்தி, கையெழுத்தாகி, குழிக்கு நம்பர்கூடப் போட்டிருந்தது.

"நேத்தே வாங்கிட்டேன். அவளாவது போகட்டும் மேடம். அவ நம்புன இடம் அது. என்னால அது கெட வேணாம்." கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார். "என்னைத் தேடுவா. கொஞ்ச நாள் தேடுவா. அப்புறம் அங்க அவங்க அம்மா இருக்காங்கல்ல."

என் பைக்குள் அவளுடைய சீட்டு இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அதை அங்கேயே கிழித்துப் போட்டுவிடலாம் என்று தோன்றியது. கொடுத்தால் அவர் தன் கையால் அவளுடைய தோட்டத்தைக் கொளுத்த வேண்டும். கொடுக்காவிட்டால் அவள் முடிவே இல்லாமல் ஒரு வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். எனக்கோ இரண்டிலும் நம்பிக்கை இல்லை. இரண்டும் இல்லை என்கிறவளின் கைப்பையிலா இது வந்து மாட்ட வேண்டும்?

ஆனால் அவள் தன் கையால் எழுதிக் கொடுத்த சீட்டு அது. எடுத்துக் கொடுத்தேன்.

படித்தார். ஒரு சொல்தான், அதை எவ்வளவு நேரம் படிக்க முடியுமோ அவ்வளவு நேரம் படித்தார். "இவளுக்குத் தெரியும்ல? நெருப்புல போனா என்னன்னு தெரியும்ல?"

"தெரியும்ணே. தெரிஞ்சுதான் எழுதினா."

வண்டி கிளம்பியது. பெரிய சாலை முனையில் இடப்பக்கம் திரும்பினால் இடுகாடு, வலப்பக்கம் மின்மயானம். அங்கே நிறுத்திவிட்டார். பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

"சொல்லுங்க மேடம். முன் சீட்டுல இருக்கறவங்க சொல்ற பக்கம்தான் நான் போவேன்."

இந்தப் பாவத்தையும் என் தலையில் கட்டுகிறாரே என்று ஆத்திரமாக வந்தது. "அவ எழுதின பக்கம் போங்கண்ணே" என்றேன்.

முப்பதில் ஓட்டுகிறவர் அன்றைக்குப் பத்தில் ஓட்டினார். சைக்கிள்கள் எங்களைத் தாண்டிப் போயின. ஓட்டிக்கொண்டே பின்னால் படுத்திருந்தவளோடு பேசிக்கொண்டு வந்தார். கேஸ் தீர்ந்துவிட்டதையும் பக்கத்து வீட்டுக்காரி ஆக்சிஜன் மெஷினைத் திருப்பிக் கொடுத்துவிட்டதையும் சொன்னார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மின்மயானத்து ஆபரேட்டர் அவருக்குப் பழக்கம். தினம் சேர்ந்து டீ குடிக்கிறவர். அந்த இரும்புக் கதவு மேலே தூக்கிக்கொண்டதும் இவர், "ஒரு நிமிஷம்" என்றார். ஒரு நிமிஷம் நின்றார். இன்னும் ஒரு நிமிஷம் நின்றார். ஆபரேட்டர்தான் தோளைத் தொட்டு நகர்த்தினார். கதவு இறங்கியபோது வந்த குரல் மனிதக் குரல் மாதிரியே இல்லை. இருபத்தேழு வருஷம் எதிர்ச் சுவரை ஒரு வார்த்தை சொல்லாதவர், சுவரில் தலையை முட்டிக்கொண்டார்.

"அவளுக்கு ஒரு இடம் இருந்துச்சு மேடம். எனக்குத்தான் எதுவும் நிச்சயமில்ல, அவளுக்கு நிச்சயமா ஒண்ணு இருந்துச்சு. அதையும் என் வண்டியில ஏத்திக் கொண்டுவந்து கொளுத்திட்டேனே."

நான் பிடித்துக்கொண்டேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

இரண்டு வாரத்தில் வேலைக்குத் திரும்பிவிட்டார். மறுபடி முப்பதில் ஓட்டினார். சீட்டுகளில் இப்போது ஒழுங்காக மயானங்களின் பெயர்தான் இருந்தது. நான்தான் ஒவ்வொன்றையும் இரண்டு தடவை படித்துவிட்டு எழுதினேன்.

அடுத்த மாதச் சோதனையில் ஆய்வாளரின் விரல் மறுபடி ஓரிடத்தில் நின்றது.

"செவ்வாய்க்கிழமை மூணாவது ட்ரிப். வண்டி கிளம்பியிருக்கு, இடம் போட்டிருக்கு. கொண்டுசேர்த்த நேரம் எங்க?"

அவளுடைய சீட்டை எடுத்துப் பார்த்தேன். கடைசிக் கட்டம் காலி. சீட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். அவர் வண்டி கழுவிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ஒரு நேரத்தைப் போட்டுக் குடுத்துடுங்க. நாலு மணின்னு போடுங்க. சும்மா ஒரு நேரம்."

குழாயை மூடிவிட்டுச் சீட்டை வாங்கினார். ஈரக்கை படாமல் ஓரத்தைப் பிடித்து அவளுடைய கையெழுத்தைப் பார்த்தார். பேனாவை வாங்கவில்லை.

"சேர்த்தேனான்னு எனக்கே தெரியல மேடம். எப்படி எழுதுறது?"

"ஆய்வாளர் காத்துக்கிட்டு நிக்கிறாருண்ணே. என்னன்னு சொல்லட்டும்?"

சீட்டை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "விசாரிச்சுச் சொல்றேன்" என்றார்.

திரும்பி வந்தேன். காலியாக விட்டால் மறுபடி மெமோ வரும் என்றார் ஆய்வாளர். ரிஜிஸ்டரை என் பக்கம் திருப்பி, அந்தக் கட்டத்தில், குண்டு குண்டாக, "விசாரணையில் உள்ளது" என்று எழுதினேன்.